பதினான்காவது ஹாரன்

அக்டோபர் 6, ஞாயிறு

இது பம்ப்செட் கம்பெனியின் போன வருஷ டைரி. என் கணவன் ஜெகன் ஆடும் அணிக்கு அந்தக் கம்பெனிதான் ஸ்பான்சர் என்பதால் எங்கள் வீட்டில் டைரிக்கும் தொப்பிக்கும் பஞ்சமே இல்லை. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன். பிரசவத்துக்குப் பிறகு தூக்கம் வருவதில்லை என்று சொன்னபோது டாக்டரம்மா, "நடந்ததை எழுதுங்க. கடைசியில நன்றி சொல்ற மாதிரி ஒரு விஷயம் எழுதுங்க, சின்னதா இருந்தாலும் சரி" என்றார். அவர் சொல்லி நாலு மாதம் கழித்து ஆரம்பிக்கிறேன். எதையும் தள்ளிப்போடுவதில் எனக்கு நிகர் கிடையாது.

இன்று கூடைப்பந்து லீகின் முதல் ஆட்டம். எங்கள் நொய்யல் ரைடர்ஸுக்கும் மதுரைக்கும். கோவையில் இவ்வளவு பேர் கூடைப்பந்து பார்ப்பார்களா என்று ஆச்சரியமாக இருந்தது. ஹால் நிரம்பி வழிந்தது. மேளம், விசில், ஒவ்வொரு குவார்ட்டர் முடிவிலும், ஆட்டத்துக்கு நான்கு முறை, காதைக் கிழிக்கிற ஹாரன். 71க்கு 78 என்று தோற்றுவிட்டோம்.

எங்கள் குழந்தை நிலானி முழு ஆட்டத்தையும் என் மடியில் தூங்கியே கழித்தாள். பின்வரிசை அம்மா ஒருவர் என் தோளைத் தட்டி, "இந்தச் சத்தத்துல தூங்குதுங்களே! குடுத்து வெச்சவங்க நீங்க" என்றார். ஜெகன் வியர்வையோடு வந்து அவள் காலை முத்தமிட்டு, "கோர்ட்டுலயே பொறந்த புள்ள மாதிரி" என்றான்.

வீட்டுக்கு வந்து பீரோவை ஒழுங்குபடுத்தினேன். ஆஸ்பத்திரியின் மஞ்சள் ஃபைலை மேலே, சூட்கேஸுக்குப் பின்னால் வைத்தேன். தூசி படியாமல் இருக்கும்.

நன்றி: குழந்தை ஹாரன் சத்தத்துக்கு எழாததற்கு.

அக்டோபர் 12, சனி

சென்னையில் 22 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. துணி துவைத்தேன், மழை வந்துவிட்டது, மறுபடி துவைத்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

நேற்று மூன்றாவது தோல்வி. ஆனால் எழுத நினைத்தது இன்றைய பயிற்சியைப் பற்றி.

ஜெகனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். நேரம் காட்டும் மேஜையில் உட்கார்ந்து ஹாரன் அடிப்பவர் சண்முகண்ணன். ரிட்டயர்டு மில் டைம்கீப்பர், அதனால் ஹாரனைச் சங்கு என்றுதான் சொல்வார். நிலானி தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் அணியின் ஆறடி பத்தங்குல பஞ்சாபி ஹர்மன், ஆறு வருஷமாகக் கோவையில் இருக்கிறான். அவன் ஆரம்பித்தான்.

"சண்முகண்ணே, ஒரு சங்கு ஊதுங்க. பேபி எழுந்தா நான் ரெண்டு ரவுண்டு ஓடறேன். எழலேன்னா கோச் ஓடணும்."

"ஏல, என்னைய எதுக்குடே இழுக்க?" என்றார் மரியதாஸ் கோச். திருநெல்வேலிக்காரர். சிரித்தால் நாங்கள் ஜெயித்தது போல இருக்கும், அதனால் இந்த சீசனில் அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

சண்முகண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

ஹாரன் அடித்தது. நிலானியின் இமை கூட அசையவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்பிள்ளைகள் கோப்பையை வாங்கியது போலக் குதித்தார்கள். கோச் நிஜமாகவே ஒரு ரவுண்டு ஓடினார், தொப்பையைப் பிடித்துக்கொண்டு. ஜெகன் தள்ளுவண்டியைத் தலைக்கு மேல் தூக்காத குறை. "இனிமே இவதான் நம்ம கேப்டன். எவன் கத்தினாலும் பதற மாட்டா."

நானும் கை தட்டினேன். எல்லாரையும் விடச் சத்தமாக.

அக்டோபர் 28, திங்கள்

நான்காவதும் போயிற்று. ஜெகன்தான் பந்தை எடுத்து வந்து எந்த ஆட்டமுறை என்று மற்ற நால்வருக்கும் சொல்ல வேண்டியவன். கூட்டத்தின் இரைச்சலில் வாயால் சொன்னால் கேட்காது, அதனால் கையால் சொல்வான். முஷ்டி என்றால் ஒன்று, தலையைத் தொட்டால் இன்னொன்று, பனியனை இழுத்தால் வேறு. மொத்தம் பதினொன்று. இன்று காலை கண்ணாடி முன்னால் நின்று புதிதாக இரண்டு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். தோற்றால் சைகையை மாற்றுவது அவன் வழக்கம், சட்டையை மாற்றுவது மாதிரி.

நிலானி பாயில் மல்லாந்து அவன் கையையே பார்த்தாள். கை மேலே போனால் கண்ணும் மேலே போனது.

"அப்பன் கையையே பாக்குது பாரு அம்மிணி," என்றார் அத்தை, ஜெகனின் அம்மா. "எட்டு வெச்சதும் பந்தோட ஓடிரும்."

"ஆமாங்க அத்தை," என்றேன்.

அவள் பெயரைச் சொல்லிப் பின்னாலிருந்து கூப்பிட்டேன். பொழுதுபோகாமல்தான். ஒரு தடவை. பிறகு இன்னும் ஏழெட்டுத் தடவை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அதிகாலையிலேயே எதிர்வீட்டில் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திவிட்டார்கள். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. நிலானி தூங்கினாள்.

"புண்ணியம் பண்ணுன புள்ள," என்றார் அத்தை. ஆனால் அதைச் சொல்லும்போது குழந்தையைப் பார்க்கவில்லை, எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தார்.

நான் ஜன்னலை மூடினேன். பிறகு திறந்தேன். பிறகு மூடினேன்.

ஜெகன் முறுக்கைக் கடித்தபடி, "என்ன மேகி, உள்ளே வெளியே விளையாடறே?" என்றான்.

"புகை வருது," என்றேன்.

நன்றி: அதிரசம் உதிராமல் வந்ததற்கு.

நவம்பர் 11, திங்கள்

ஆறு ஆட்டம், ஆறு தோல்வி. நேற்று ஹாலில் பாதி காலி. வெளியே வரும்போது ஒருவன் கத்தினான்: "நொய்யல்ல தண்ணியும் இல்ல, ரைடர்ஸ்கிட்ட பாயிண்டும் இல்ல!" இன்று அதுவே எல்லாருடைய போனிலும் படமாகச் சுற்றுகிறது. அடியில் ஜெகன் வாயைப் பிளந்து நிற்கிற போட்டோ. என் தங்கைகூட அனுப்பிவிட்டு, "சாரிக்கா, தப்பா வந்துருச்சு" என்றாள்.

ஜெகன் கோபப்படவில்லை. "உண்மையத்தான சொல்றான்" என்று சொல்லிவிட்டு முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நாங்கள் இருவரும் ஒரே கல்லூரி மைதானத்தில் ஆடியவர்கள். அத்தை இல்லாதபோது அவனை நீ, வா, போ என்றுதான் சொல்வேன். அந்த உரிமையில் ஒன்று சொல்லலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஜெகா..."

"தோல்வியப் பத்தி மட்டும் பேசாத, மேகி. இன்னிக்கு ஒரு நாள்."

"இல்ல, வேற."

"என்ன?"

"கேஸ் தீர்ந்துபோச்சு."

உண்மையிலேயே தீர்ந்துதான் போயிருந்தது.

நவம்பர் 24, ஞாயிறு

எட்டாவது ஆட்டம். 29 புள்ளியில் தோல்வி. ஹாரன் பட்டன் சிக்கிக்கொண்டு நிற்காமல் அடித்தது. ஜெகன் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் தவறவிட்டான்.

கை வரவில்லை. பிறகு எழுதுகிறேன்.

நவம்பர் 26, செவ்வாய்

இப்போது எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்கு வந்ததே நூறு பேர் இருக்கும். கடைசிக் குவார்ட்டர் வருவதற்குள் அதிலும் முக்கால்வாசி எழுந்து போய்விட்டார்கள். மேளக்காரர்களும் போய்விட்டார்கள். ஷூ தேய்கிற சத்தம்கூடத் தனித்தனியாகக் கேட்டது. ஜெகன் பழக்கத்தில் கையால் சைகை காட்டியபோது எதிரணிக்காரன் ஒருவன், "யாருமே இல்லாத ஹால்ல எதுக்கு ப்ரோ கை? வாயில சொல்லு, நாங்களும் கேட்டுக்கறோம்" என்றான். அது எனக்கே கேட்டது.

யாரும் குறுக்கே வராமல் எறிகிற ஃப்ரீ த்ரோவுக்காக ஜெகன் கோட்டில் நின்றான். நான் மேஜைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். நிலானி என் மடியில், விழித்துக்கொண்டு. இதுதான் முக்கியம். விழித்துக்கொண்டு.

அப்போது ஹாரன் சிக்கிக்கொண்டது. சண்முகண்ணன் பட்டனைக் குத்துகிறார், ஒயரை இழுக்கிறார், நிற்கவில்லை. பத்து வினாடி இருக்கும். காலி ஹாலில் அந்தச் சத்தம் சுவரில் மோதி மோதித் திரும்பி வந்தது. எல்லாரும் காதைப் பொத்தினார்கள். நடுவர் பொத்தினார். ஹர்மன் பொத்தினான். கூரையில் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. என் மகள் தன் காலைப் பிடித்துக் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் கழித்து, புறாவின் நிழல் தரையில் ஓடியதைப் பார்த்து அதைத் தேடினாள். அவ்வளவுதான்.

நிமிர்ந்தேன். ஜெகன் காதில் கை வைத்தபடி கோட்டில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு இரண்டு பந்தையும் எறிந்தான். இரண்டும் வளையத்தைக்கூடத் தொடவில்லை.

மறுநாள் காலை அத்தை கோயிலுக்குப் போனதும் ஸ்டீல் டம்ளரையும் கரண்டியையும் எடுத்து வந்து ஜெகன் நிலானியின் பின்னால் உட்கார்ந்தான். தட்டினான். இன்னும் பலமாகத் தட்டினான். நான் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

முக்காலி போட்டு ஏறி மஞ்சள் ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். முப்பத்திரண்டாவது வாரத்தில் பிறந்தவள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் காதில் சின்னக் குழாய் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு காதுக்கும் 'ரெஃபர்', அதாவது தேறவில்லை, மேற்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் மறுபடி வர வேண்டும் என்று எழுதியிருந்தது. அன்று அவன் பயிற்சி முகாமில் இருந்தான். "காதுல தண்ணி இருந்தாலும் இப்படிக் காட்டும்மா, எதுக்கும் வந்து பாத்துருங்க" என்றார் நர்ஸ். தண்ணி என்றதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"ஆறு மாசம், மேகி."

"நீங்க எல்லாரும் கை தட்டினீங்க," என்றேன். கேவலமான பதில். ஆனால் அதுதான் வாயில் வந்தது.

அவன் ஃபைலை மூடினான். "நானும்தான தட்டினேன்," என்றான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. டம்ளரையும் கரண்டியையும் கழுவி வைத்தான்.

பிறகு கோச்சுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது. வெள்ளிக்கிழமை பரிசோதனை, சனிக்கிழமை சேலம் ஆட்டத்துக்கு வர முடியாது என்றான். பாப்பாவுக்குக் காதில் ஏதோ என்று காரணத்தையும் சொன்னான்.

"ஏல ஜெகா. நீ இருந்தும் எட்டு தோத்தாச்சு. ஒன்பதாவத நாங்களே பாத்துக்கிடுதோம். நீ பிள்ளையப் பாரு." பிறகு குரலைத் தணித்து, "நான் ஓடுனேம்லா அன்னைக்கி ஒரு ரவுண்டு... அந்தப் பாவத்த எங்கடே கொண்டுபோய்க் கொட்ட?" என்றார்.

ஜெயிக்கிற அணியாக இருந்திருந்தால் அவனுக்கு லீவு கிடைத்திருக்குமா? ஹால் நிறைந்திருந்தால் அந்த ஹாரன் எங்கள் இருவருக்கும் அப்படிக் கேட்டிருக்குமா? இதை நினைத்துக்கொண்டே தோசை மாவு கரைத்தேன்.

நவம்பர் 29, வெள்ளி

அந்தப் பரிசோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டுமாம். மேளத்துக்கும் ஹாரனுக்கும் பத்தாயிரம் வாலாவுக்கும் தூங்கியவள், ஒரு சத்தமும் இல்லாத அந்த ஏசி அறையில் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். தூக்க மருந்து கொடுத்தும் பார்த்தார்கள். நான் ஆட்டினேன், ஜெகன் நடந்தான். ஒன்றும் நடக்கவில்லை.

ஹர்மன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தான். சேலத்துக்குப் பஸ் சாயங்காலம்தானாம். வாசலில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்து, "பாபி, என்கிட்ட குடுங்க" என்றான். பாபி என்றால் அவன் ஊரில் அண்ணி. நிலானியை நெஞ்சில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, அடித்தொண்டையில் ஏதோ பஞ்சாபிப் பாட்டை முனகினான்.

"டேய், அவளுக்குத்தான் கேக்காதேடா," என்றான் ஜெகன். முதல் முறையாக அந்த வார்த்தையை ஒருவர் வாயால் சொன்னது அப்போதுதான்.

"கேக்காது. ஆனா இங்க ஆடும்ல?" என்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான். அந்த நெஞ்சு லாரி இன்ஜின் மாதிரி அதிர்ந்தது. ஐந்து நிமிஷத்தில் நிலானி அதில் எச்சில் ஒழுகத் தூங்கிவிட்டாள்.

தலையில் வயர் ஒட்டினார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஷர்மிளா மேடம் என்கிற நிபுணர் எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். இரண்டு காதுமே. தொண்ணூறு டெசிபலுக்கு மேல் போனாலும் பதில் இல்லை. முதலில் காது மெஷின், ஒரு வயதுக்குப் பிறகு அறுவை சிகிச்சைக்குப் பார்க்கலாம்.

கேட்க வேண்டியது ஆயிரம் இருந்தது. நான் கேட்டது, "மேடம், நான் லேட் பண்ணிட்டேனா?"

அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. "ஆமா, மூணு மாசத்துல வந்திருக்கணும்," என்றார். "ஆனா ரெண்டு வயசாகி, 'இன்னும் பேச்சு வரல'ன்னு வர்றவங்களத்தான் தினமும் பாக்கறேன். ஆறரை மாசத்துல எப்படி கண்டுபிடிச்சீங்க?"

ஜெகன் சொன்னான்: "தோத்துக்கிட்டே இருந்தோம் மேடம். கூட்டம் வரல. அதனால கேட்டுச்சு."

அவருக்குப் புரிந்திருக்காது.

டிசம்பர் 1, ஞாயிறு

சேலத்தில் ரைடர்ஸ் ஜெயித்துவிட்டார்கள்! ஜெகன் இல்லாத ஒரே ஆட்டத்தில். "யாரால தோக்கறோம்னு தெரிஞ்சு போச்சுடே" என்று கோச் செய்தி அனுப்பியிருக்கிறார். ஜெகன் அதைப் படித்துச் சிரித்தான், சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தான், பிறகு அது சிரிப்பாக இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டிசம்பர் 4, புதன்

அத்தையிடம் சொல்ல நாலு நாளாக வார்த்தை தேடினேன். இன்று பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். அத்தை உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியுங் கண்ணு."

"என்னங்க அத்தை?"

"தீபாவளி அன்னிக்கு நீ குளிக்கப் போனப்போ புள்ளைக்குப் பின்னால தாம்பாளத்தைக் கீழ போட்டுப் பாத்தேன். திரும்பவே இல்ல. ஏற்கெனவே நீ ராத்தூக்கம் இல்லாம கெடக்கறே. நான் வேற எதுக்கு வாயைத் தெறக்கோணும்னு இருந்துட்டேன்." கடைசிப் பல்லை உரித்துப் போட்டார். "தெறந்திருக்கோணும். தப்பு என்னுதுந்தான்."

ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் வைத்திருந்திருக்கிறோம். நான் சொல்லவில்லை அவருக்காக, அவர் சொல்லவில்லை எனக்காக.

நன்றி: பூண்டு. கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு சாக்கு.

டிசம்பர் 21, சனி

காது மெஷின் மாட்டிவிட்டார்கள். இரண்டு காதுக்குப் பின்னாலும் முந்திரிப்பருப்பு அளவில் ஒன்று. போனில் பார்த்த வீடியோக்களில் குழந்தைகள் மெஷின் போட்டதும் அம்மா குரலைக் கேட்டுச் சிரிக்கும். நிலானி வலது மெஷினைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். இடதைப் பிடுங்கி என் மேல் எறிந்தாள்.

"கொஞ்சம் கொஞ்சமாதான் பழகும்," என்றார் ஷர்மிளா மேடம். "முதல்ல சத்தம்னா என்னன்னே அதுக்குத் தெரியாது. பொறுமையா இருங்க."

டிசம்பர் 30, திங்கள்

நேற்று பன்னிரண்டாவது ஆட்டம். வழக்கம் போல.

காதில் மெஷின் நிற்பதே பெரிய பாடாக இருந்தது. சண்முகண்ணன் வீட்டு அக்கா, ஜெகன் நெற்றியில் கட்டுகிற வியர்வைப் பட்டையைச் சின்னதாக வெட்டி, பக்கத்துக்கு ஒரு வளையம் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அதில் மெஷின் கச்சிதமாக உட்கார்கிறது. இப்போது அவள் அசல் ஆட்டக்காரி மாதிரி இருக்கிறாள்.

பயிற்சிக்குப் போனால் எல்லாரும் கையால் பேசுகிறார்கள். பந்துக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று. ஷர்மிளா மேடம், "கையும் காட்டுங்க, வாயாலயும் சொல்லுங்க, ரெண்டும் சேரட்டும்" என்றார். பதினொரு சைகையை ஒரு சீசனில் ஒழுங்காக மனப்பாடம் செய்யாத பயல்கள், பாலுக்கான சைகையை ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள். கோச் அதைச் சொல்லித் திட்டினார். திட்டியபடியே அவரும் பால் சைகை காட்டினார்.

இன்னும் அவள் எந்தச் சத்தத்துக்கும் திரும்பவில்லை. நான் தினமும் குக்கர் விசிலின்போது அவள் முகத்தைப் பார்க்கிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானை பொங்கியபோது எல்லாரும் கத்தினோம். அவள் எங்கள் வாயைப் பார்த்துத் தன் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வாய் மட்டும்.

அதுவே போதும் என்று எழுத நினைத்தேன். போதாது. ஆனாலும் சந்தோஷம்.

ஜனவரி 19, ஞாயிறு

பதினான்காவது ஆட்டம், கடைசி ஆட்டம், பெங்களூருடன். அட்டவணையில் நாங்கள் கடைசி இடம், அதை இனி யாராலும் அசைக்க முடியாது. அப்படியும் இருநூறு பேர் வந்திருந்தார்கள். நொய்யல் தண்ணி கத்தினவனும் வந்திருந்தான். சீசன் முழுக்க விடாமல் வந்து திட்டுகிறவனும் ஒரு வகையில் எங்கள் ஆள்தான் என்று இன்றைக்குத் தோன்றியது.

ஆட்டம் தொடங்கும் முன் சண்முகண்ணன் மேஜையை விட்டு எழுந்து என்னிடம் வந்தார்.

"அம்மிணி, மெஷின் போட்டிருக்குதுங்களா?"

"போட்டிருக்குங்கண்ணா."

"சங்கு ஊதோணும். புள்ள பயந்துக்குமோன்னு... வேணும்னா மேல துண்டைப் போட்டு அமுக்கிக்கறேன்."

"வேண்டாங்கண்ணா. எப்பவும் போல அடிங்க."

முதல் குவார்ட்டர் ஹாரன். ஒன்றுமில்லை. இரண்டாவது. கண்ணைச் சிமிட்டினாளா, நானாக நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை. மூன்றாவது அடித்தபோது பட்டையைப் பிடுங்குவதில் மும்முரமாக இருந்தாள். நான் திரும்ப மாட்டிவிட்டேன். அத்தை கையைப் பிசைந்தபடி, "அம்மிணி, ஆட்டத்தைப் பாரு" என்றார். அவரும் பார்க்கவில்லை.

கடைசிக் குவார்ட்டரில் எங்கள் ஆட்கள் எப்படியோ எழுந்துவிட்டார்கள். ஆறு வினாடி இருக்கும்போது ஒரே ஒரு புள்ளிதான் பின்னால். ஜெகன் பந்தோடு வந்தான், தலையைத் தொட்டான், ஹர்மன் வளையத்துக்கு அடியில் ஓடினான். ஹால் மூச்சைப் பிடித்துக்கொண்டது. இருநூறு பேரும் அமைதியாக. ஜெகன் எறிந்தான். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது.

ஹாரன்.

அவள் உடம்பு என் மடியில் தூக்கிப்போட்டது. கைகள் இரண்டும் விரிந்தன. மேஜைப் பக்கம் தலையைத் திருப்பினாள். கீழுதடு பிதுங்கியது, முகம் சிவந்தது, பிறகு வீறிட்டாள். ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு அழுகை.

முதலில் நிமிர்ந்தவன் ஹர்மன். "பாபி! அழறா! சங்குக்கு அழறா!" ஜெகன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். தவறவிட்ட பந்துக்காக என்று கூட்டம் நினைத்திருக்கும். எழுந்தான், ஓடி வந்தான். கோச் ஓடி வந்தார், தொப்பையைப் பிடித்துக்கொண்டு. தோற்ற அணிக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதிப்பதை ஜெயித்த பெங்களூர்க்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். கேலரியிலிருந்து அதே ஆள், "ஏனுங்க, தோத்ததுக்கா இந்த ஆட்டம்?" என்று கத்தினான்.

சண்முகண்ணன் மட்டும் மேஜையை விட்டு வரவில்லை. "நான்தான் பயமுறுத்திட்டனே, நான்தான் பயமுறுத்திட்டனே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தூக்கு அம்மிணி, அழுகுதல்ல," என்றார் அத்தை.

தூக்கினேன். ஆனால் உடனே இல்லை. ஒரு அம்மா இப்படி எழுதக் கூடாது, ஆனாலும் எழுதுகிறேன். கொஞ்ச நேரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன்.

80க்கு 81. பதின்மூன்றாவது தோல்வி. மஞ்சள் ஃபைலைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டேன், எல்லார் கைக்கும் எட்டும்படி.

நன்றி: குழந்தை ஹாரன் சத்தத்துக்கு அழுததற்கு.